எக்ஸ்பிரஸ் சாரின் நொடி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்ததும் கொக்கிக்குத் தலைகால் புரியவில்லை. இடி இடித்தால் போர்வைக்குள் புகுந்துகொள்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். இவள் வாரம் முழுக்க ஒரு நல்ல இடிக்காகத் தவம் கிடந்தவள்.

கொக்கி என்பது பள்ளிக்கூடத்தில் விழுந்த பெயர். யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கேள்வியைக் கொண்டுபோய் மாட்டிவிடுவாள். ‘பூமி உருண்டை’ என்று சொன்னால் ‘யார் உருட்டினது?’ என்பாள். வயது பன்னிரண்டு. வாய்க்கு மட்டும் இன்னும் நாலைந்து வயது கூட இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய பிஸ்கட் கம்பெனியின் கிடங்கு ஒன்றைப் பெருக்கித் துடைத்து, நாலைந்து ஆசிரியர்கள் கூடி நடத்துகிற சின்னப் பள்ளி. மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னமும் பிஸ்கட் வாசனை வரும் என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். அங்கே மணி கிடையாது. முற்றத்தில் ஒரு பெரிய மரம் உண்டு. காலையில் எல்லோரும் அதன் அடியில் வாயை மூடிக்கொண்டு நிற்க, கணக்கு வாத்தியார் கை தட்டுவார். ஒரு தட்டு ஒரு நொடி. நூறு தட்டு முடிந்ததும் வகுப்பு. வருஷக்கணக்கில் அப்படி நின்று பழகியதில், ஒரு நொடி எவ்வளவு நீளம் என்பது அந்தப் பிள்ளைகளின் எலும்புக்கே தெரிந்திருந்தது. அல்லது, தெரியும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கணக்கு வாத்தியாருக்குப் பெயர் எக்ஸ்பிரஸ் சார். மனிதர் நடக்க மாட்டார், பறப்பார். நாம் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். நோய் வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டி, பிள்ளைகள் கைபேசிக்குள் குட்டிக் குட்டிச் சதுரங்களாகிவிட்ட பிறகும் அவர் வேகம் குறையவில்லை. போன திங்கட்கிழமை அவர் போட்ட கூச்சலில் கொக்கியின் கைபேசியே அதிர்ந்தது.

“பிரிஞ்சு கெடக்கோம், பிரிஞ்சு கெடக்கோம்னு எல்லாரும் மூக்கால அழுறீங்களே, இதுதான்டா நமக்கு வசதி! ஒரே வகுப்புல உக்காந்திருந்தா ஒரே எடத்துலேருந்துதான இடியைக் கேட்டிருப்போம்? இப்ப ஊரு முழுக்க நமக்குக் காது இருக்கு!”

விஷயம் இதுதான். மின்னல் வெளிச்சம் உடனே கண்ணுக்கு வந்துவிடும். சத்தம் மெதுவாக வரும், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எத்தனை நொடி என்று எண்ணினால், இடி நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் வரைபடத்தில் நம் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். ஆளுக்கொரு வட்டம் போட்டால், எல்லா வட்டமும் எங்கே ஒன்றையொன்று தொடுகிறதோ அங்கே இடி விழுந்திருக்கிறது. வீட்டை விட்டு நகராமல் இடியைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். கேட்டதிலிருந்து கொக்கிக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது சந்தோஷமான காரணம் இல்லை.

அவளுடைய அப்பா நில அளவையாளர். வேலி எங்கே முடிகிறது, ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று அளந்து சொல்கிற வேலை. ஊரடங்கில் அளக்க எதுவும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர், மகளின் வகுப்பைச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போயிருந்தார். ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் எறும்பைப் பார்ப்பது, ஒரு நாள் ஆளாளுக்குக் கத்துவது. “இது பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியப்பாவின் பிள்ளைகள் படிக்கிற பெரிய பள்ளியில் எல்லாம் கச்சிதம். மணியடித்தால் வீடியோ, மணியடித்தால் பரீட்சை. பெரியப்பா அங்கே பேசி இடமும் வாங்கிவிட்டார்.

“திங்கக்கெழமைலேருந்து நீ அங்கதான் படிக்கிற” என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். “அளக்கிறதுங்கறது வெளையாட்டு இல்லம்மா. இடியைக் கை தட்டி அளப்பாங்களாம். கேக்கறவன் சிரிப்பான்.”

“சரியா அளந்து காட்டிட்டா?”

“காட்டு, பாக்கலாம்.”

அந்தப் ‘பாக்கலாம்’தான் கொக்கியின் ஒரே பிடி. திங்கட்கிழமைக்குள் ஓர் இடி விழ வேண்டும், வட்டங்கள் தொட வேண்டும், அப்பாவின் வாயடைக்க வேண்டும்.

விழுந்தது. கேட்டது கிடைத்ததென்று வானத்துக்கு நன்றி சொல்லலாம், அப்படி ஒரு மின்னல். எல்லோரும் கைபேசியில் கூடி, ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தபோது, ஊர் முழுக்க ஒரே வெள்ளையாகி, அதே கணம் மின்சாரமும் போனது. எந்த மின்னலை எண்ணினோம் என்ற குழப்பத்துக்கே இடமில்லை. கொக்கி கண்ணை இறுக மூடிக்கொண்டு மனசுக்குள் கை தட்டினாள். எட்டாவது தட்டில் இடி வந்து ஜன்னல் கண்ணாடியைப் பிடித்து உலுக்கியது.

“எட்டு!” என்று கத்தினாள். “எனக்கு நாலு!” “பன்னெண்டு சார்!” “எனக்கு ஏழு!” கைபேசிக்குள் ஏலக்கடை நடந்தது. கடைசியில் ஒரு மெல்லிய குரல், “எனக்கு ஆறு” என்றது.

அது புதுசு. ஊரடங்குக்குப் பிறகு சேர்ந்த பெண். பள்ளிக்கூடத்தை அவள் கண்ணால் கூடப் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். கொக்கியின் வீட்டுக்கு நேரெதிர் வீடுதான்.

“ஆறா? உனக்கும் கொக்கிக்கும் நடுவுல ஒரு தெருதான இருக்கு?” என்றான் ஒருவன். “தூங்கிட்டியா?” என்றாள் இன்னொருத்தி. புதுசு தன் சதுரத்தை அணைத்துவிட்டாள்.

எக்ஸ்பிரஸ் சார் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சுவரில் ஒட்டிய வரைபடத்தில் சரசரவென்று வட்டம் போட்டார். புதுசின் வட்டத்தை விட்டுவிட்டுப் போட்டார். அப்படியும் ஒன்றும் சேரவில்லை. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, பாதி ஊரையே விழுங்கின. நடுவில் புள்ளி என்று சொல்ல ஒரு கடுகளவு இடம்கூட இல்லை.

கொக்கியின் தோளுக்குப் பின்னால் அப்பா மெழுகுவத்தியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். “சரி, படுத்துக்கோ” என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். கொக்கிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் கொக்கி கொக்கிதானே. மறுநாள் காலை பல் துலக்கும்போதே மனசுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒரே தெரு. ஒரே இடி. எட்டு, ஆறு. இரண்டும் சரியாக இருக்க முடியாது. புதுசுதான் தப்பு என்று யார் சொன்னது? எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னால் சரியாகிவிடுமா?

பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள். “ஏய் புதுசு!”

எதிர் ஜன்னல் ரொம்ப யோசித்துத் திறந்தது. “என்ன?”

“நேத்து நீ எப்படி எண்ணின?”

“சுவர்க் கடிகாரம் டிக் டிக்குனு அடிச்சுது. கரண்டு போனதும் வீடு அமைதியாயிடுச்சுல்ல, அதனால நல்லாக் கேட்டுது. அதை எண்ணினேன்.” ஒரு நிமிஷம் கழித்து, “நீங்கல்லாம் எப்படி எண்ணினீங்க?” என்றாள்.

“சாரோட கைத்தட்டுதான்.”

“என்ன கைத்தட்டு?”

அவளுக்கு எப்படித் தெரியும்? மரத்தடியில் நின்றிருந்தால்தானே. கொக்கியின் வாயிலிருந்த நுரை அப்படியே நின்றது.

“புதுசு, ஓடிப் போய்க் கடிகாரத்துக்குப் பக்கத்துல நில்லு. நான் தட்டறேன், நீ டிக்கை எண்ணு. நான் நிறுத்துன்னதும் சொல்லு!”

இருபது தட்டு தட்டி நிறுத்தினாள். “பதினஞ்சு!” என்றாள் புதுசு.

மறுபடி தட்டினாள். பதினைந்து. இன்னொரு முறை. பதினைந்தேதான்.

கொக்கி வாயைக் கொப்பளித்தாளா என்று எனக்குச் சந்தேகம். அப்படியே ஓடிப்போய் முன்னறைக் கதவில் மோதினாள். உள்ளே அம்மா இருந்தாள். அம்மா நர்ஸ். நோய் வார்டில் வேலை முடித்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் இருப்பாள். சாப்பாடு வாசலில், பேச்சு கதவு வழியாக.

“அம்மா, உன் வாட்சுல நொடி முள்ளு இருக்குல்ல? நான் தட்டறதைப் பாரேன்!” படபடவென்று தட்டினாள்.

அம்மா வாட்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினாள். அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, “யாருக்குடி இவ்வளவு படபடப்பு? நிமிஷத்துக்கு எண்பது அடிக்குது” என்றாள் அம்மா.

“அறுபது அடிக்கணும்மா!”

“எனக்கு நாடி பாக்கத் தெரியாதா? எண்பதுங்கறேன். யாரு சொல்லிக் குடுத்தா இந்தத் தட்டை?”

“எக்ஸ்பிரஸ் சார்.”

“அந்த ஆளுதானா?” என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. கொக்கி கதவில் கன்னத்தை வைத்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பத்து மணிக்கு வகுப்பே கூடிவிட்டது, சனிக்கிழமை என்றும் பாராமல். கொக்கிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “எல்லாரும் தட்டுங்க!” என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் தட்ட, தகரத்தில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி ஆனது. அப்புறம் ஒவ்வொருவராக அறுபது தட்டச் சொன்னாள். கைபேசியைக் கதவோரம் வைத்தாள். உள்ளே அம்மா வாட்சைப் பார்த்துக்கொண்டு நடுவர் வேலை பார்த்தாள்.

“நாப்பத்தஞ்சு நொடி” என்றாள் அம்மா. அடுத்தவன். “நாப்பத்தஞ்சு.” அடுத்தவள். “நாப்பத்தாறு. இவ கொஞ்சம் நிதானம்.” அடுத்து, “நாப்பத்தஞ்சு.”

ஒவ்வொரு எண்ணுக்கும் சதுரங்களிலிருந்து கூச்சல் எழுந்தது. கடைசியாக எக்ஸ்பிரஸ் சார் தட்டினார். நாற்பத்து நான்கு. வேறு வாத்தியாராக இருந்தால் நெட்வொர்க் சரியில்லை என்று நழுவியிருப்பார். இவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“அடடா! அப்ப நான் இத்தனை வருஷமா வேகமாவே வாழ்ந்திருக்கேனா! பிள்ளைங்களா, என் நொடி சின்ன நொடிடா! புதுசு, எங்க இருக்க நீ? வா, வெளிய வா! இந்தப் பள்ளிக்கூடத்துல சரியா எண்ணின ஒரே ஆளு நீதான். நாங்கதான் தூங்கிட்டோம்!”

புதுசின் சதுரம் மெல்ல வெளிச்சமானது. எல்லோரும் அவளுக்காகக் கை தட்டினார்கள். அதுவும் வேகமாகத்தான் இருந்தது, வேறென்ன செய்வது.

அப்போதுதான் கொக்கி கவனித்தாள். அப்பா கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நெற்றி சுருங்கியிருந்தது. அது கோபச் சுருக்கம் இல்லை, வேலை செய்யும்போது வருகிற சுருக்கம்.

“எல்லாருக்கும் ஒரே பிழையா?” என்று கேட்டார்.

“ஆமாப்பா. எல்லாருக்கும் எண்ணினதுல கால் பங்கு அதிகம்.”

“ஒருத்தருக்குக் கூடவும் ஒருத்தருக்குக் குறைச்சலுமா இல்லையே? எல்லாருக்கும் ஒண்ணு போல?”

“ஒண்ணு போலத்தான்.”

அப்பா கூடத்தில் இரண்டு நடை நடந்தார். “எங்க வேலையில அளக்குற சங்கிலி சில சமயம் இழுத்து இழுத்து நீண்டுபோயிடும். அதை வச்சு அளந்தா எல்லா அளவும் தப்பு. ஆனா எல்லாம் ஒரே அளவுக்குத் தப்பு. எவ்வளவு நீண்டிருக்குன்னு தெரிஞ்சா போதும், அத்தனையையும் உக்காந்த எடத்துலயே திருத்திடலாம். கவனமில்லாம அளந்தவனோட அளவைத்தான் திருத்தவே முடியாது.” நின்றார். “டஜன் கணக்குல பிள்ளைங்க, ஆளுக்கொரு வீட்டுல உக்காந்துகிட்டு, ஒரு நூல் பிசகாம ஒரே தப்பைப் பண்ணியிருக்கு. தப்பைக்கூட இவ்வளவு ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்கானே அந்த மனுஷன்!”

சொல்லிவிட்டுப் பீரோ மேலிருந்த நீளமான தகரக் குழாயை இறக்கினார். அதற்குள் இருந்தது ஊரின் அளவை வரைபடம், தெரு தெருவாக, வீடு வீடாக. அதைத் தொட்டதற்காக அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு டம்ளரை வைத்தார். காம்பஸை எடுத்துப் பென்சில் முனையைச் சீவினார்.

“என்ன பாத்துகிட்டு நிக்கிற? எண்ணைச் சொல்லு. எட்டு, ஆறாச்சு. ஆறு நொடின்னா ரெண்டு கிலோமீட்டர். அடுத்த வீடு எங்க?”

கொக்கி சொன்னாள். கைபேசியில் பிள்ளைகள் தங்கள் வீட்டு அடையாளத்தைக் கத்தினார்கள்: மருந்துக்கடைக்குப் பின்னால், தையல்கடை மாடி, பஸ் டிப்போ பக்கத்தில். அப்பா ஒவ்வொரு வீட்டிலும் ஊசியைக் குத்தி, நிதானமாக வட்டம் போட்டார். எக்ஸ்பிரஸ் சார் அந்தப் பக்கம், “ஆச்சா சார்? ஆச்சா?” என்று பறந்தார். “கொஞ்சம் பொறுங்க சார்” என்றார் அப்பா, அதட்டலாக. கடைசி வட்டத்தையும் போட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

கோடுகள் எல்லாம் வந்து வந்து ஓர் இடத்தில் கூடியிருந்தன. கட்டை விரல் நகத்தால் மூடிவிடலாம், அவ்வளவு சின்ன இடம். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“இதுக்குள்ள ஒரு மரக்கடை இருக்கு” என்றார். “ஒரு தண்ணித் தொட்டி இருக்கு. அப்புறம்…” நிமிர்ந்து மகளைப் பார்த்தார். “ஒரு பழைய பிஸ்கட் கிடங்கு.”

கைபேசியில் எழுந்த கூச்சலைப் பற்றி நான் என்ன சொல்ல? எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து அதே கூச்சல் இன்னொரு முறை கேட்டது.

“குதிக்காத” என்றார் அப்பா. “மூணுல எதுன்னு தெரியாது. போய்ப் பாக்காம எந்த அளவும் முடிஞ்ச அளவு இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் வாங்க மட்டும் வெளியே போகலாம். அப்பா முகக்கவசம் மாட்டி, ஒரு கையில் பையும் ஒரு கையில் தகரக் குழாயுமாகக் கிளம்பினார். “காய் வாங்க மேப்பு எதுக்கு?” என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அப்பா கொக்கியிடமும் ஒரு முகக்கவசத்தை நீட்டி, “வா” என்றார்.

மரக்கடையைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் புறாக்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. கொக்கிக்கு நெஞ்சு அடித்த அடியை அம்மா கேட்டிருந்தால் வார்டில் சேர்த்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் இல்லையென்றால் என்ன ஆகும்? எல்லாம் கதையாகிவிடும், நாளைக்குக் காலையில் அந்தக் கச்சிதமான மணி அடிக்கும்.

பள்ளிக்கூடத்து கேட்டுக்கு முன்னால் எக்ஸ்பிரஸ் சார் நின்றுகொண்டிருந்தார். கையில் சாவி.

“ரொம்ப நேரமா நிக்கறீங்களா சார்?”

“விடிஞ்சதுலேருந்து.”

“உள்ள போய்ப் பாக்கலையா?”

“தனியா பாக்க மனசு வரல” என்றார். ஆயுளில் முதல் தடவையாக அந்த மனிதர் காத்துக்கொண்டு நின்றிருந்தார். கொக்கிக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தள்ளி நிற்க வேண்டுமென்பதால் நின்றாள்.

பூட்டு துருப்பிடித்து முரண்டு பிடித்தது. திறந்ததும் கொக்கிதான் முதலில் ஓடினாள். மாதக்கணக்கில் சேர்ந்த சருகு கணுக்கால் வரைக்கும் ஏறியது. முற்றத்தில், அவர்கள் நிற்கிற இடத்தில், பட்டைத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தாள். மரத்தின் உச்சியிலிருந்து வேர் வரைக்கும் ஒரு கை அகலத்துக்குப் பட்டை உரிந்து, உள்கட்டை ஈரத்தோடு வெளுத்துத் தெரிந்தது.

“இருக்குப்பா! இருக்கு! இங்கதான்!” என்று அலறினாள். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எக்ஸ்பிரஸ் சார் கைபேசியை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. “பாத்தீங்களாடா, இத்தன மாசத்துல நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்த மொத ஆளு இந்த இடிதான். அதையும் வீட்டுலேருந்தே பிடிச்சுட்டோம்!” புதுசின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. “இதுதான் அந்த மரமா சார்? நான் எங்க நிக்கணும்?”

“மரம் செத்துடுமா?” என்று கொக்கி கேட்டாள்.

அப்பா மரத்தைச் சுற்றி வந்தார். காயத்தைத் தொடாமல் பக்கத்தில் தட்டிப் பார்த்தார். “மத்தப் பக்கம் பட்டை நல்லாத்தான் இருக்கு. பொழைச்சுக்கும்” என்றார். அப்போது அவர் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. பெரியப்பா. அந்தக் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

“என்னடா, நாளைக்குக் காலையில பிள்ளையை ரெடியா ஒக்கார வச்சுடு. எட்டு மணிக்கு மொத வீடியோ.”

அப்பா மரத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

“இல்லண்ணா, அவ வரல” என்றார். “எங்க பள்ளிக்கூடத்துல ஏகப்பட்ட வேலை கெடக்கு. அப்புறம் பேசறேன்.”

கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொக்கி விடுவாளா?

“எங்க பள்ளிக்கூடமா? யாரோடப்பா?”

அப்பா காய்கறிப் பைக்குள் கையை விட்டு அளவு டேப்பை எடுத்தார். காய் வாங்கப் போனவர் பையில் அது எப்போதிலிருந்து இருந்ததோ.

“காயத்தோட நீளத்தை எடுக்கணும். வாயை மூடிட்டு அந்த முனையைப் பிடி” என்றார்.

பிடித்தாள்.